குளக்கட்டு வீதியாகுமா?

கடந்த மாரியில் ஓர் இரவு. நாம் பணியாற்றும் வன்னிக் கிராமம் ஒன்றில், பன்றி பார்க்க வயற்கரையில் காவலிருந்த கமக்காரர் ஒருவரைப் புடையன் பாம்பு தீண்டிவிட்டது. அயலவர்கள் உடனே அம்புலன்சுக்கு அறிவித்தார்கள். பிரதான சந்தியிலிருந்து அந்தக் குடிமனைக்குப் பத்து நிமிடப் பயணம். ஆனால் வண்டி வந்து சேர முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

காரணம் பின்னர்தான் தெரியவந்தது. ஓட்டுநரின் கைத்தொலைபேசியில் இருந்த வரைபடம் குளக்கட்டின் மேலாகக் குறுக்கு வழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. அவர் வெளியூர்க்காரர். அதை நம்பிக் கட்டில் ஏறிவிட்டார். எமது குளக்கட்டில் மோட்டார் சைக்கிள் போகும், வெயில் காலத்தில் லான்ட்மாஸ்டரும் போகும். அதற்கு மேற்பட்ட எதற்கும் அங்கே இடமில்லை. குளம் வான் பாயும் இடத்தில் வழி முடிந்தது. வண்டியைத் திருப்பவும் முடியாமல், இருட்டில் ஒருவர் ரோர்ச் அடிக்க, வந்த வழியே பின்னோக்கி எடுத்திருக்கிறார்கள்.

கமக்காரர் பிழைத்துக்கொண்டார். இன்று வயலுக்கும் போகிறார். ஆனால் அந்தக் கோட்டை வரைபடத்தில் இட்டது யார் என்று தேடியபோது நாம் தலைகுனிய நேர்ந்தது. நாம் ஒழுங்கு செய்த பயிற்சியில் கலந்துகொண்ட எமது இளைஞர் ஒருவரே அதனை ஆர்வத்தோடு வரைந்திருந்தார். சரிபார்த்து "நல்லது" என்றவர்களும் நாமேதான். குளக்கட்டு இருக்கிறது, அதிலே ஆட்கள் போகிறார்கள், எனவே அது வீதி என்று எண்ணிவிட்டோம். எந்த வகையான வீதி என்று கேட்க மறந்தோம்.

இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது. மீளக் குடியேறிய, இன்னும் குடியேறக் காத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரு நல்ல கைத்தொலைபேசியாவது இருக்கிறது. அதிலுள்ள வரைபடத்தை நாமே எழுதலாம் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. தெரிந்த சிலர் எம்மைப் போலவே அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள்.

யாருடைய வரைபடம்?

எமது பெற்றோர் காலத்தில் வரைபடம் என்றால் நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குல வரைபடம். ஒரு மைல் நிலம் காகிதத்தில் ஓர் அங்குலமாகச் சுருங்கும். அது கச்சேரியில் இருந்தது, எமது கையில் இருக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடக்கிய ஓப்பன் ஸ்ரீட் மப் என்ற திட்டம் அந்த நிலையை மாற்றியது. எவரும் தமது ஊரின் வீதியை அதில் வரையலாம், பிறர் வரைந்ததைத் திருத்தலாம், எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2010 இல் ஹெயிற்றி நாட்டின் தலைநகரைப் பூமியதிர்ச்சி சிதைத்தபோது, உலகின் பல பாகங்களிலிருந்து தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்து அந்நகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். நிவாரணப் பணியாளர் அதைக் கொண்டே வழி தேடினார்கள். எமது நாட்டிலும் 2013 அளவில் மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரதேசத்தில் இதே வரைபடத்தில் 30,000 இற்கு மேற்பட்ட கட்டடங்கள் குறிக்கப்பட்டன. வெள்ளம் வந்தால் யார் யார் பாதிக்கப்படுவர் என்று முன்கூட்டியே அறிவதே அதன் நோக்கம்.

கூகிள் நிறுவனமும் 2008 இல் மப் மேக்கர் என்ற பெயரில் பொதுமக்களைக் கொண்டு தன் வரைபடத்தை நிரப்பியது. 2017 இல் அதை நிறுத்திவிட்டது. மக்கள் இட்ட உழைப்பு நிறுவனத்தின் சொத்தாகவே தங்கியது. கூலியில்லா வேலையைச் செய்வதானால் விளைச்சல் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும் இடத்திலே செய்வது நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

வீதிக்கு என்ன வகுப்பு?

அரசாங்கத்தின் வகுப்பு முறை எல்லோருக்கும் ஓரளவு பழக்கமானது. அதிவேகப் பாதைகளுக்கு ஈ என்ற எழுத்து. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ வகுப்பு வீதிகளை மாகாணம் பார்க்கிறது. அதற்குக் கீழே பிரதேச சபை வீதிகள். கமநல சேவைக்கும் நீர்ப்பாசனத்துக்கும் உரிய வயல் வீதிகள், வாய்க்கால் வீதிகள் வேறு. இந்த எழுத்துகள் சொல்வது ஒரே ஒரு விடயத்தைத்தான்: வீதி உடைந்தால் யாரிடம் மனுக் கொடுப்பது என்பது. இன்று அந்த வீதி என்ன வேலை செய்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

இதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9 வீதியை எடுத்துக்கொள்வோம். 1990 களின் தொடக்கத்தில் ஆனையிறவால் போக வழியில்லாதபோதும் அதன் வகுப்பு ஏ என்றே இருந்தது. குடாநாட்டு மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொம்படி, ஊரியான் சேற்றுப் பாதையால் நடந்தார்கள். பின்னர் கிளாலியில் படகேறினார்கள். எந்தப் பதிவேட்டிலும் எழுத்தோ எண்ணோ இல்லாத அந்தப் பாதைதான் அந்நாட்களில் எமது பிரதான வீதி. 2002 ஏப்ரலில் ஏ-9 முழுவதும் திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. போர் முடிந்த 2009 இன் பிற்பகுதியிலேதான் பொதுமக்கள் மீண்டும் அதில் பயணம் செய்யத் தொடங்கினார்கள். இத்தனை காலத்திலும் எழுத்து மாறவேயில்லை.

மக்கள் எழுதும் வரைபடம் இவ்விரண்டு விடயங்களையும் வெவ்வேறு பெட்டியில் வைக்கிறது. ஏ-9 என்ற இலக்கத்துக்கு ஒரு பெட்டி. வீதியின் பணி என்ன என்பதற்கு இன்னொரு பெட்டி. இந்த இரண்டாவது பெட்டியில் மோட்டர்வே, ட்ரங்க், பிறைமரி, செக்கண்டரி, ரேர்ஷரி என்று படிப்படியாக இறங்கும் சொற்கள் உண்டு. எமது ஊர்களுக்கு உண்மையில் வேண்டியவை அதற்குக் கீழே உள்ளவை. வீட்டு வாசல்களுக்கு இட்டுச் செல்லும் ஒழுங்கை ரெசிடென்ஷல். வயலுக்கும் காட்டுக்கும் போகும் வண்டில் பாதை ட்ராக். கால்நடையாகப் போகும் ஒற்றையடிப் பாதை பாத். ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு வீதிக்கு அன்கிளாசிஃபைட் என்ற சொல்.

இந்தக் கடைசிச் சொல்லிலே எமது இளைஞர் எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள். வகைப்படுத்தப்படாதது என்று அர்த்தம் கொண்டு, வகை தெரியாத எல்லாவற்றையும் அதற்குள் போட்டார்கள். ஒற்றையடிப் பாதை போனது, வாய்க்கால் வரம்பு போனது, எமது குளக்கட்டும் போனது. உண்மையில் அது இங்கிலாந்தின் வீதி முறையிலிருந்து வந்த பெயர். அங்கே எழுத்தோ எண்ணோ பெறாத சிறு வீதியை அப்படி அழைப்பார்கள். கார் போகக்கூடிய, ஊர்களை இணைக்கின்ற வீதியே அது. வழிகாட்டும் செயலி அந்தச் சொல்லைக் கண்டால் "வாகனம் போகலாம்" என்று முடிவு செய்கிறது. அன்றிரவு ஓட்டுநருக்குக் குளக்கட்டைக் காட்டியது அந்த ஒற்றைச் சொல்தான்.

தார் போட்டதா, கிறவலா, கொங்கிறீற்றா, வெறும் மண்ணா என்பதும் வகுப்பு அல்ல. அதற்கு வேறு பெட்டி உண்டு. கிறவல் வீதியாக இருந்தாலும் பஸ் ஓடினால், பாடசாலையும் ஆஸ்பத்திரியும் அதிலே தங்கியிருந்தால், அது மேல் வகுப்புக்கு உரியது. கொங்கிறீற் போட்டிருந்தாலும் நான்கு வீட்டோடு முடிந்தால் அது ஒழுங்கைதான். மாரியில் வெள்ளம் மேவும் தாம்போதிகளையும் குறிக்க இடமுண்டு. பயிற்சிகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். செய்மதிப் படம் எடுப்பது மேகமில்லாத வெயில் நாளில். ஆகவே அதிலே எமது தாம்போதிகள் எப்போதும் காய்ந்தே தெரியும். மார்கழியில் அந்த இடம் இடுப்பளவு தண்ணீர் என்று ஊரவர் சொன்னாலொழிய வரைபடம் அறிய வழியில்லை.

பாம்பு கடித்த சம்பவத்தின் பின்னர் நாம் ஊர்ச்சபையைக் கூட்டினோம். வரைபடத்தைச் சுவரிலே பெரிதாகக் காட்டி ஒவ்வொரு கோடாகக் கேட்டோம். பிரதான சந்தியிலிருந்து வரும் வீதியைப் பற்றி ஓர் இளைஞர் எழுந்தார்.

"பாதர், எங்கட றோட்டை மஞ்சளாத் தெரியிற வகுப்பில போடுவம். அப்பதான் பிரதேச சபை திரும்பிப் பாக்கும்."

பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழும்பாமலே பதில் சொன்னார்.

"தம்பி, மஞ்சளாப் போட்டால் முதல் வாறது பிரதேச சபை இல்லை. மணல் டிப்பர்."

சபை சிரித்தது. ஆனால் அது சிரித்து விடும் விடயமல்ல. குறைந்த தூரத்துப் பெரிய வீதி என்று செயலி காட்டினால் வெளியூர்ப் பாரவண்டி அவ்வழியே வரும். மூன்று மதகும் ஒரு முன்பள்ளியும் உள்ள வீதி அது. நாம் அதைப் பணிக்கேற்ற சிறு வீதியாகவே வைத்தோம். வீதி திருத்த வேண்டுமானால் மனு எழுதுவோம் என்று இளைஞரிடம் சொன்னோம். அவருடைய முகம் வாடித்தான் போனது.

இன்னொன்றையும் அந்தச் சபையில் அவதானித்தோம். ஆண்கள் சொன்ன பாதை யாவும் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் போகின்றவை. கிணற்றுக்கு, முன்பள்ளிக்கு, கிளினிக்குக்கு என்று கால்நடையாகப் போகும் குறுக்குப் பாதைகள் பெண்கள் வாய் திறந்த பிறகே வெளிவந்தன. பதினொரு பாதைகள். அவற்றில் ஒன்றுகூட முந்திய வரைபடத்தில் இருக்கவில்லை.

பெயர் எங்கிருந்து வரும்?

எமது வீதிகளின் பெயர் பெரும்பாலும் போகும் இடத்தின் பெயர். யாழ்ப்பாணத்தில் ஏ-9 வீதி கண்டி வீதி. வவுனியா நகரில் தெற்கே போகும் துண்டு கண்டி வீதி, வடக்கே போகும் துண்டு யாழ்ப்பாண வீதி. ஒரே வீதி, ஒரே இலக்கம், நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு பெயர். ஆதலால் நீண்ட வீதி ஒன்றுக்கு முழு நீளத்துக்கும் ஒரே பெயரை இட்டுவிடக் கூடாது. துண்டு துண்டாக, அவ்வவ்விடத்து மக்களிடம் கேட்டே எழுத வேண்டும்.

ஒழுங்கைகளின் கதை வேறு. இடம்பெயர்ந்த மக்களின் புதிய குடியிருப்புகளில் அவற்றுக்கு இலக்கம் இருக்கும். முதலாம் குறுக்கு, இரண்டாம் குறுக்கு. அல்லது வீடு கட்டித் தந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகை நிற்கும். பலகை நிற்பதாலேயே அது வீதியின் பெயராகிவிடுமா? அந்த வாசகம் பெரும்பாலும் நன்கொடை அறிவித்தல்தான். அங்கு வாழ்வோர் அப்பெயரைச் சொல்லி வழி காட்டுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். காட்டினால் எழுதுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். அதேபோல் "சங்கக் கடைக்குப் பக்கத்துப் பாதை" என்பது விவரணம், பெயர் அல்ல. இன்னாருடைய வீட்டு ஒழுங்கை என்று வாழும் ஒருவரின் பெயரை உலகம் பார்க்க எழுதுவதும் முறையல்ல.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் ஒழுங்கையை அங்கு குடியிருப்போரின் சாதியைக் கொண்டு அழைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஊரார் வாயில் வழங்குவதே பெயர் என்றால் அதையும் எழுத வேண்டுமே என்று ஒருவர் எம்மிடம் வாதிட்டார். நாம் உடன்படவில்லை. அந்த ஒழுங்கைக்குள் வாழ்வோர் தமது விலாசத்தில் எதை எழுதுகிறார்கள் என்று பார்த்தோம். அவர்கள் எழுதுவது வேறு பெயர். அதையே இட்டோம்.

மொழிக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றையும் எழுதலாம். பழைய பெயர், மாற்றுப் பெயர் என்பவற்றுக்கும் இடமுண்டு. 1988 முதல் வெலிஓயா என்ற பெயர் வழங்கிவரும் பகுதியை மணலாறு என்று சொல்லி வளர்ந்தவர் எத்தனையோ பேர். ஒரு பெயரை அழித்து மற்றதை எழுதுவது வரைபடத்திலே சண்டையைத்தான் வளர்க்கும். ஒருவர் காலையில் மாற்ற, இன்னொருவர் மாலையில் திருப்புவார். இரு பெயரும் தேடுவோருக்குக் கிடைக்கும்படி எழுதி வைப்பதே பயன் தரும்.

தமிழ் எழுத்தை மட்டும் கவனமாக எழுதுங்கள். ஆங்கிலத்திலிருந்து திரும்பப் பெயர்த்த பெயர்ப் பலகைகளில் ஊரின் பெயரே சிதைந்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பலகையின் பிழையை வரைபடத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். பிற வரைபடங்களைப் பார்த்துப் பிரதி செய்வதும் கூடாது. அவை வேறொருவரின் உரிமை என்பது ஒரு காரணம். அவற்றின் பிழையும் சேர்ந்தே வந்துவிடும் என்பது மற்றது.

வேலிக்கு அப்பால்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். தமது ஊரின் ஒழுங்கைகளை, கிணறு கிணறாக, எந்தக் காணியில் எந்தப் பயிர் என்பது வரை ஒப்புவிக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு எமது பயிற்சிப் புத்தகத்தில் பதில் இருக்கவில்லை.

"கேற்றுக்கு அங்கால எங்கட ஒழுங்கை கிடக்குத்தானே, பாதர்? அதை ஏன் போடேலாது?"

இந்த வரைபடத்தின் முதல் விதி, இன்று நிலத்தில் இருப்பதை, இன்னொருவர் போய்ப் பார்த்து உறுதி செய்யக்கூடியதை எழுதுவது. நினைவிலே மட்டும் உள்ள பாதைக்கு அதில் இடமில்லை. மறைந்துபோன வீதிகளுக்கும் ஊர்களுக்கும் என்று ஓப்பன் ஹிஸ்டோரிக்கல் மப் என்ற வேறொரு வரைபடம் இருக்கிறது. ஆண்டைக் குறித்து அங்கே எழுதலாம்.

மூடிய வீதி திறக்கும்போது அதையும் உள்ளபடி எழுத வேண்டும். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி மூன்று தசாப்தங்களுக்கு மேலாக மூடிக் கிடந்து, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திறந்த வேளையில் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, நடந்து போகக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. இப்படிப்பட்ட வீதியை வெறும் பிரதான வீதி என்று மட்டும் குறித்தால் இரவிலே வருபவர் கேற்றடியில் நிற்பார். நேரம், யார் போகலாம், நடக்கலாமா என்பதற்கெல்லாம் பெட்டிகள் உண்டு. நிபந்தனை தளர்ந்தால் அன்றே திருத்தவும் வேண்டும்.

படைமுகாம்களின் உட்புறத்தை நாம் வரைவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். செய்மதிப் படத்தில் தெரிகிறது, விதியும் தடுக்கவில்லை என்று இளைஞர் சொல்கிறார்கள். ஆனால் விசாரணை என்று ஒன்று வந்தால் அதற்குப் போகப் போவது அவர்கள். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறி மலங்காட்டிலே காலம் கழித்த குடும்பங்களும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். 2017 ஏப்ரலில் காணியின் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவித்தார்கள். முழு ஊரும் அதில் அடங்கவில்லை. அவர்களுக்கும் எமது பதில் இதுவே. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டோம்.

பெரியவருக்கு எமது பதில் திருப்தி தரவில்லை. என்றாலும் அவருடைய பேத்தி 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல ஒழுங்கைகளின் பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

பற்றைக் காட்டுக்குள் தெரியும் கோடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செய்மதிப் படத்தில் மெல்லிய பாதைபோலத் தெரிவது மாடு போன தடமாக இருக்கலாம், யானை போன தடமாகவும் இருக்கலாம். இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. மிதிவெடிகளை அகற்றி முடிக்க 2028 வரை தவணை உண்டு. அதுவரை, காலால் நடந்து பார்க்காத எந்தப் பாதையையும் வரையாதீர்கள். சிவப்புப் பலகை நிற்கும் காணிக்குள் நடந்து பார்க்கவும் வேண்டாம். ஊரை விட்டு முப்பது வருடம் கழித்து, பழைய காணியைத் தேடி வருகின்ற ஒருவர் அந்தக் கோட்டை நம்பி இறங்குவார்.

எமது குளக்கட்டைத் திருத்திவிட்டோம். அது இப்போது பாதை. மோட்டார் சைக்கிள் போகலாம், கார் போகாது என்று எழுதியிருக்கிறோம். வான் பாயும் இடத்தையும் குறித்தோம். திருத்தியவர் முதலில் வரைந்த அதே இளைஞர். அகலத்தை அளக்க நூல் கொண்டு போனவரும் அவரே.

கிராமத்தில் ஓர் ஒழுங்கை மட்டும் மீதி நிற்கிறது. இடப்பெயர்வுக்கு முன்பிருந்த குடும்பங்கள் அதனைப் புளியடி ஒழுங்கை என்கின்றன. அந்தப் புளி ஷெல் விழுந்து எரிந்துபோனது. பின்னர் வேறிடத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தண்ணீர்த்தாங்கி றோட்டு என்கிறார்கள். தாங்கி அவர்கள் கண்முன்னே நிற்கிறது. வரைபடத்தில் "பெயர் இல்லை" என்று அடையாளமிட ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தவா என்று இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றோம். பெயர்ப் பெட்டி இப்போதைக்கு வெறுமையாகவே கிடக்கிறது. அறுவடை முடிந்து எல்லோரும் ஊரில் நிற்கும் நாளில் இரு பகுதியாரையும் கூட்டி மீண்டும் கேட்பதாக இருக்கிறோம்.